ஆளுக்கு அரை மணி

நான் ஓய்வுபெற்ற டிரைவர். வயது இருபத்தொன்பது. சிரிக்காதீர்கள். ஓட்டிய வருடங்கள் கொஞ்சம்தான், ஆனால் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு வருடம் என்பது வேறு ரோட்டில் மூன்று வருடம். இப்போது அதே டிராவல்ஸில், செங்கல்பட்டு ஆபீஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். "அக்கா, பார்ட்டி இன்னும் வரலக்கா", "அக்கா, டோல்ல மாட்டிகினேன்க்கா" என்று தினமும் கூப்பிடுகிறீர்களே, அந்த அக்கா நான்தான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றார்கள். டயரில் காற்று பார்ப்பது, மழையில் பிரேக் பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் எல்லோரும் கேட்பது: "எத்தினி மணிக்குப் போவோம்?" இதற்குச் சரியான பதில் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது. அந்தப் பதில் என் வாயை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு மதுராந்தகம் பக்கம் ஊர், விவசாயக் குடும்பம். நான் படித்தது புள்ளியியல். படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். மூன்று மாதத்தில் கால் பரபரக்க ஆரம்பித்துவிட்டது. டாக்ஸி ஓட்டப் போகிறேன் என்றதும் அப்பா, "படிச்ச புள்ள இன்னாத்துக்குமா ஸ்டேரிங் புடிக்கணும்?" என்றார். "ரோடும் கணக்குதான்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தேன்.

அப்படித்தான் நம்பவும் செய்தேன். ஒரே பாதையில் பத்து தடவை போனால் ஒரு சராசரி கிடைக்கும். காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று, முகூர்த்த நாளுக்கு ஒன்று. கேட்டவர்களுக்கு அதைச் சொன்னால் போதும், முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

அச்சரப்பாக்கத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர் ஏறினார். தாம்பரத்தில் ரயில் பிடிக்க வேண்டும். பேத்திக்கு மறுநாள் மதுரையில் காதுகுத்து. நானும் என் சராசரியைக் கம்பீரமாகச் சொன்னேன். மதுராந்தகம் தாண்டும் முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் நின்ற பைக்குக்காரரிடம் ஆக்சிடென்டா என்று கேட்டேன்.

"ஆக்சிடென்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏரி ரொம்பி வழியுதாம். அல்லாரும் வண்டிய ஓரங்கட்டி வேடிக்க பாத்துகினு கீறாங்க."

குடும்பம் குடும்பமாக இறங்கிப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் மிளகாய் பஜ்ஜி வண்டிகூட வந்துவிட்டது. மண்டிக்காரர் கோபப்படவில்லை. "தண்ணி வழிஞ்சா நல்லதுதாம்மா, ஒரு போவம் நெல்லாவது தேறும்" என்றார். ரயில் போய்விட்டது. அன்று காலையில்தான் அப்பா போனில், "ஏரி ரொம்பிட்ச்சுமா, ஊரே அங்கதான் கீது" என்று சொல்லியிருந்தார். என் சொந்த ஊர் ஏரி அது. விஷயம் என் காதில் விழுந்திருந்தது. அது டிராஃபிக் செய்தி என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஊர்ப் பேச்சு எதையும் நான் சும்மா கேட்டதில்லை. திருக்கழுக்குன்றத்தில் தேர் எந்தத் தெருவில் நிற்கிறது, மறைமலை நகரில் எந்த ஃபேக்டரி ஷிஃப்ட்டை மாற்றியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிகிறது என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். ரோட்டில் வண்டி சேருவதற்கு முன்னால் மனுஷர்கள் மனசில் ஏதோ ஒன்று சேர்ந்துவிடுகிறது. அதை முதலில் பிடிக்க வேண்டும்.

இன்னொரு பாடம் என் வயதுக்காரன் ஒருவனிடமிருந்து வந்தது. அவனும் நம் டிராவல்ஸ் டிரைவர்தான். பெயர் வேண்டாம், எழுதினால் பங்கு கேட்பான். என் வண்டி ஒர்க் ஷாப்பில் இருந்தபோது ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தேன். போனில் மேப்பைத் திறந்து வைத்திருந்தேன்.

"இன்னா மேடம், அதையே மொறச்சிகினு கீற? அது இன்னா ஒன் மாமியாரா?"

"பச்சையா காட்டுதுடா. பதினஞ்சு நிமிஷத்துல போயிடலாம்."

"இப்ப பச்ச. நீ அங்க போய் சேர்றப்ப இன்னா கலரு? எதிர் லைன பாரு. எவ்ளோ நேரமா ஒரு லாரிகூட வரல. பரனூராண்ட எவனோ குறுக்க வுழுந்துட்டான்."

எதிர்ப்பக்க ரோடு கழுவிவிட்டதுபோலக் காலியாக இருந்தது. மேப்பில் பச்சை சிவப்பாக மாறுவதற்குள் அவன் வண்டியை ஊருக்குள் திருப்பிவிட்டான். எதிரே வருபவர்கள் நாம் போகப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், அவர்களைவிடப் பெரிய செய்தித்தாள் கிடையாது என்பான். அவர்கள் வைப்பர் ஓடினால் முன்னால் மழை. பஸ்கள் இரண்டு மூன்று ஒட்டினாற்போல வந்தால் எங்கேயோ அடைத்துத் திறந்திருக்கிறது. கூலிங் கிளாஸ் போட்டவனெல்லாம் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தால், அங்கே ஏதோ விபரீதம்.

இதையெல்லாம் அள்ளி அள்ளிச் சேர்த்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் நான் சொல்லும் நேரத்துக்கும் போய்ச் சேரும் நேரத்துக்கும் வித்தியாசம் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. தலைக்கனம் வந்ததா என்று கேட்டால், வந்தது. டிரைவர்கள் என்னைக் கூப்பிட்டே கேட்பார்கள்: "யக்கா, கோவளம் வழியா போவட்டா, திருப்போரூர் வழியா போவட்டா?" கேட்பது மாமன் வயதுக்காரர்களாக இருந்தாலும் அன்று நான் அக்காதான்.

இப்போது நம் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அப்போது டெஸ்க்கில் ஒரு அண்ணன் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாத்த. டிரைவர் வண்டி ஓட்டும்போது பார்ட்டி வீட்டாரோடு பேசக் கூடாது என்பது ஆபீஸ் விதி. நாம் டெஸ்க்குக்குச் சொல்ல வேண்டும், டெஸ்க் அவர்களுக்குச் சொல்லும். நான் சொல்லும் நேரத்தோடு அண்ணாத்த அரை மணி சேர்த்துத்தான் சொல்வார். வந்த புதிதில் எனக்கு ரோஷமாக இருந்தது.

"நான் கரெக்டா சொல்றேன்ல அண்ணா? அப்புறம் இன்னாத்துக்கு அரை மணி?"

"ஏம்மா, நீ சீக்கிரம் போனா அவன் சிரிப்பான். லேட்டா போனா என்னியதான் திட்டுவான். அரை மணி இன்னா, என் வூட்டு சொத்தா? இருக்கட்டும் போ."

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. மாமல்லபுரத்துக்குக் கல்யாண வீட்டாரைக் கூட்டிப் போனால், "சொன்னதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே" என்று சந்தோஷப்படுவார்கள். கைகொடுப்பார்கள். காபி கொடுப்பார்கள். ஆப்பில் ஐந்து நட்சத்திரம் விழும். போகப்போக எனக்கும் அது பழகிவிட்டது. நாமெல்லாம் நல்ல பெயர் வாங்கியதே அந்த அரை மணியில்தான். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நினைத்தேன்.

பார்ட்டி வீட்டாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டாக்ஸிக்காரன் "இதோ பக்கத்துல வந்துட்டேன்" என்றால் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம். அது ஊரறிந்த ஜோக். அதனால் நாம் எந்த நேரத்தைச் சொன்னாலும் அவர்களும் மனசுக்குள் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள்.

இனி அந்த மத்தியானம்.

ஐப்பசி, நல்ல அடைமழைக் காலம். காலையிலேயே அண்ணாத்த எனக்கு ஏர்போர்ட் டிரிப் போட்டார். துபாயிலிருந்து ஒருவர் வருகிறார். கல்பாக்கத்தைத் தாண்டி ஒரு கடலோர ஊருக்குப் போக வேண்டும். விடியற்காலையில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். வண்டி புக் பண்ணியது அவருடைய அண்ணன்.

அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னப் பை மட்டும்தான் இருந்தது. துபாயிலிருந்து வருகிறவரைப் பெட்டி இல்லாமல் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. முப்பத்தைந்து வயது இருக்கும். பின் சீட்டைத் திறந்து வைத்தேன். அவர் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீங்கதான் ஓட்றீங்களா?"

"ஆமாண்ணா."

"ஆறு மணிக்குள்ள போய்ட முடியுமா? கரெக்டா சொல்லுங்க. எனக்காக சும்மா சொல்லாதீங்க."

ஏன் ஆறு மணி என்று அவரே சொன்னார். அவர்கள் வழக்கத்தில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அதிக நேரம் வைத்திருக்க மாட்டார்கள், சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்வதாக முதலில் முடிவாகியிருந்தது. மகன் வருகிறார் என்பதற்காக ஜமாத்தில் ஆறு மணிவரை பொறுக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் முடியாது.

"கடலோர மண்ணு தங்கச்சி. மழ வேற. கபுர் குழி தோண்டி வெச்சா தண்ணி ஊறி மண்ணு சரிஞ்சிகினே இருக்கும். இருட்டிட்டா உள்ள எறங்கி மையத்த அணைச்சி வாங்கி வெக்க முடியாது. அதான் ஆறு. அதுக்குள்ள போய்ட்டா அத்தா மொகத்த பாத்துடுவேன்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். மேப், ஓ.எம்.ஆர். வழியைக் காட்டியது, பத்து நிமிடம் மிச்சமாகும் என்றது. ஆனால் நாங்கள் அங்கே போய்ச் சேரும்போது பள்ளிக்கூட வேன்களும் ஆபீஸ் பஸ்களும் ஒன்றாக இறங்கும். ஜி.எஸ்.டி. ரோடு இப்போது சிவப்பு. ஆனால் அது மழைக்கு ஒதுங்கிய பைக்குகளின் சிவப்பு, மழை விட்டால் கரைந்துவிடும். ஃபேக்டரி ஷிஃப்ட் விடுவதற்குள் மறைமலை நகரைத் தாண்டிவிட்டால் செங்கல்பட்டு வரை தடையில்லை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம், அப்புறம் கல்பாக்கம். அந்த நேரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை விட்டு அணுபுரம் குடியிருப்புக்கு ஆட்களை ஏற்றி வரும் பஸ்கள் எதிர்ப்பக்கம்தான் வரும், எங்கள் பக்கம் காலியாக இருக்கும்.

"அஞ்சேகாலுக்குப் போயிடலாம்ணா" என்றேன். "ரொம்பப் போனா அஞ்சரை."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீட் பெல்ட்டைப் போட்டார்.

அவருடைய துபாய் சிம் இங்கே வேலை செய்யவில்லை. என் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார். பிஸி. மறுபடியும் பிஸி. சாவு வீட்டு போன் அப்படித்தான் இருக்கும். நான் டெஸ்க்கைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அஞ்சரைக்குச் சேர்த்துடுவேன். பார்ட்டி வூட்டுக்குச் சொல்லிடுங்க. ஆறு மணி வரைக்கும்தான் வெயிட் பண்ணுவாங்களாம்."

"அப்பிடியா? லைன்ல இன்னொருத்தன் கத்திகினு கீறாம்மா. நான் சொல்லிட்றேன், நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அஞ்சேகால் என்று எனக்குத் தெரியும். டெஸ்க்குக்கு அஞ்சரை என்று சொன்னேன். என் பங்கு கால் மணி. கவனித்துக்கொள்ளுங்கள்.

பல்லாவரம் தாண்டும்போது அண்ணாத்தவிடமிருந்து மெசேஜ் வந்தது: "வீட்டில் சொல்லியாச்சு." அவரிடம் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகுதான் அவர் மூச்சு விடும் சத்தமே எனக்குக் கேட்டது.

நான் அதுவரை ஓட்டியதிலேயே நன்றாக ஓட்டியது அந்த டிரிப்தான். வண்டலூரில் மழை விட்டது. கூடுவாஞ்சேரியில் இடது ஓரம் தண்ணீர் தேங்கி, எல்லோரும் வலப்பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த ஓரமாகவே எதிர்த்திசையில் வந்த ஒரு பால் வண்டியின் டயர் எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று பார்த்தேன், ஆழமில்லை. இடது பக்கமாகவே மெல்லப் போய் வெளியே வந்துவிட்டேன். ஷிஃப்ட் பஸ்கள் ஃபேக்டரி வாசல்களில் வரிசை கட்டத் தொடங்கியபோது மறைமலை நகர் எங்களுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொன்றும் நான் நினைத்தபடியே நடந்தது. பக்கத்தில் தகப்பனை இழந்த மனுஷர் உட்கார்ந்திருக்கிறார், எனக்கோ உள்ளுக்குள் குஷி. சொன்னால் அசிங்கம்தான். ஆனால் அது இருந்தது.

அவர் கொஞ்சம் பேசினார்.

"ரெண்டு தடவ லீவு வந்துச்சு. ரெண்டையும் தள்ளிப் போட்டேன். பெருநாளைக்கு வரலாம், பெருநாளைக்கு வரலாம்னு."

"ம்."

"போன வாரம் வீடியோ கால்ல பேசினேன். அத்தாவுக்குப் போனப் புடிக்கத் தெரியாது. நெத்தி மட்டும்தான் தெரிஞ்சுது. 'அத்தா, போன கீழ எறக்குங்க'ன்னேன். 'நீ தெரியற, அது போதும்'னு சொல்லிட்டாங்க."

செங்கல்பட்டு டவுனுக்குள் மறுபடி அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தார். இந்தத் தடவை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. "அஸருக்கு நின்னிருப்பாங்க. தொழுகை நேரம்" என்றார். இருவருக்கும் அது ஆறுதலாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அதுதான் சொல்லியாகிவிட்டதே.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வெயில்கூட அடித்தது. அணுபுரம் பஸ்கள் எதிரே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, எங்கள் பக்கம் ஒரு சைக்கிள்கூட இல்லை. அஞ்சேகாலுக்கு நாங்கள் அவர்கள் தெரு முனையில் இருந்தோம்.

தெருவில் எதிரே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி. இரண்டு பேர், நாலு பேர் என்று பேசாமல் நடந்து வந்தார்கள். கைலியை மடித்துக் கட்டியிருந்தார்கள். கணுக்காலுக்கு மேல் ஈர மணல் ஒட்டியிருந்தது. பள்ளிவாசல் பக்கக் குழாயில் சிலர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே வருபவர்களைப் படிக்கத்தான் நான் அவ்வளவு பாடுபட்டுக் கற்றிருந்தேன்.

"என்ன தங்கச்சி, எல்லாரும் திரும்பி வர்றாங்க?" என்றார் அவர். நான் பிரேக் போடுவதற்குள் கதவைத் திறந்து இறங்கி ஓடிவிட்டார்.

என் போன் அடித்தது. அண்ணாத்த.

"இன்னாம்மா, லொகேஷன்ல பாக்கறேன், அதுக்குள்ள போய் சேந்துட்டியா? நான் ஆறுன்னு சொல்லி வெச்சேன், நீ அஞ்சேகாலுக்கே போயிகீற! பின்றியேம்மா!"

போனை வைத்தேன். அவர்கள் காத்திருக்க ஒப்புக்கொண்ட எல்லையே ஆறுதான். என் அஞ்சரையோடு அரை மணி சேர்த்து, அந்த எல்லைக்கோட்டின் மேலேயே எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். ஆனால் ஆறு என்று சொல்லியிருந்தாலும் காத்திருக்க வேண்டுமே? பிறகு ஏன் முடித்துவிட்டார்கள்?

அது எனக்கு உடனே தெரிந்தது. அண்ணனும் தம்பியும் தெரு நடுவில், என் வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை மண். கபுருக்குள் இறங்கி அணைத்து வைத்தவர் அவர்தான் போலிருக்கிறது.

"ஆறு வரைக்கும் நிக்கறோம்னு சொன்னீங்களேண்ணே! மணி அஞ்சேகால்ணே!"

"டேய், ஆறர ஆவும்னு சொன்னாங்கடா. மழை வேற கட்டிகினு வந்துச்சு. ஒரு பக்கம் மண்ணு சரிஞ்சிட்ச்சு. ஆறரைக்கு வர்றவனுக்காக எல்லாரையும் எப்பிடிரா நிறுத்தி வெக்கறது? அத்தாவ எப்பிடிரா தண்ணில எறக்கறது?"

"யாரு ஆறரைன்னு சொன்னது?"

"டாக்ஸிக்காரங்கதான்."

தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். ஜன்னல் இறங்கியிருந்தது.

"ஏம்மா," என்றார் அண்ணன். "ஆறரைன்னுதானே சொன்னீங்க?"

ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தால் யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்குமோ அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அண்ணாத்த சொன்னது ஆறு. மேலே சேர்ந்திருக்கும் அரை மணி இந்த மனுஷருடையது. டாக்ஸிக்காரன் ஆறு என்றால் ஆறரை என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். பெரியவர்களையெல்லாம் மழையில் நிற்க வைத்துவிட்டு, ஆறுக்கும் வண்டி வராமல் போனால் என்ன செய்வது என்று பயந்திருப்பார். நாங்கள் செய்த அதே வேலையை, அதே நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்தத் தெருவிலேயே, அத்தனை பேர் முன்னால், தம்பிக்கு அத்தா முகத்தைக் காட்டாமல் செய்தது அவருடைய அண்ணன்தான் என்று ஆகிவிடும்.

"ஆமாண்ணா," என்றேன். "நாங்கதான் ஆறரைன்னு சொன்னோம்."

அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்தார். "பாத்தியாடா. அந்தப் பொண்ணே சொல்லுது." சொல்லும்போதே அழுதுவிட்டார். தம்பியும் அவர்மேல் சாய்ந்து அழுதார். இரண்டு பேரும் அப்படியே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கபுர்ஸ்தான் பக்கம் நடந்தார்கள்.

நாலடி போனதும் தம்பி மட்டும் திரும்பி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட அஞ்சேகால்னு சொன்னீங்களே தங்கச்சி," என்றார். அவ்வளவுதான். சீட்டிலிருந்த பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

அண்ணன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டெஸ்க்கிலிருந்து தனக்கு வந்த நேரம் எது என்று அவருக்குத் தெரியும். நான் சொன்னது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே அவர்தான். அந்தப் பார்வை நன்றியா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மூட்டையை நான் இறக்கி வைத்துவிட்டதாக அந்த நிமிடம் நினைத்தேன். திரும்பி வரும் வழியில்தான், இனி யாரோடும் பங்கு போட முடியாதபடி அதை அவர் தலையிலேயே கட்டிவிட்டேனோ என்று தோன்றியது. தம்பியிடம் அவரே சொல்லி, இரண்டு பேரும் சண்டை போட்டு, அழுது தீர்த்திருக்கலாம். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். அவசரப்பட்டேனா, சரியாகச் செய்தேனா, இன்றுவரை பிடிபடவில்லை. இதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பாடம் எதுவும் இல்லை.

பாடம் இருப்பது அதற்கு முன்னால்தான். நேரம் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. சிலர் எப்படியும் காத்திருக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு அரை மணி சேர்த்துச் சொன்னால் குற்றமில்லை. சீக்கிரம் போனால் சந்தோஷப்படுவார்கள். இன்னும் சிலர், காத்திருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் கேட்கிறார்கள். ஆபரேஷனுக்கு ஆள் வருமா, பஸ்ஸை நிறுத்தி வைப்பதா, மையத்தை எடுத்துவிடலாமா என்று. அவர்களுக்கு நாம் சேர்க்கும் அரை மணி பாதுகாப்பு இல்லை. அது ஒரு தீர்ப்பு. எந்த வகை என்று தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள், "எதுக்காக நேரம் கேக்கறீங்க?" என்று. ரோட்டைக் கணிக்க எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் சொன்ன சொல் எத்தனை பேர் வாயில் ஏறி இறங்கி அந்த வீட்டுக்குப் போகும் என்று மட்டும் கணிக்கவில்லை.

அண்ணாத்தவிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்லதுக்குத்தானேம்மா சேத்தேன்" என்றார். ஆமாம், நல்லதுக்குத்தான். எல்லோருமே. கொஞ்ச நாளில் அவர் சொந்தமாக வண்டி வாங்கிக்கொண்டு போனபோது, அந்த நாற்காலியை நான் கேட்டு வாங்கினேன். வீட்டில், "ஸ்டேரிங் வேணும்னு குதிச்சவ இன்னாத்துக்கு மறுபடி சேர்ல ஒக்கார்ற?" என்று கேலி செய்தார்கள். உங்களில் ஒருவர் நேரம் சொன்னால் நான் துருவித் துருவிக் கேட்கிறேன், "நெஜமா எவ்ளோ? நீ எவ்ளோ சேத்த?" என்று. பேஜாரு பிடித்த அக்கா என்று வாட்ஸாப் குரூப்பில் நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பேசுங்கள். நேரத்தை மட்டும் சுத்தமாகக் கொடுங்கள்.

போன மாதம் ஒரு போன் வந்தது. கல்பாக்கத்துக்கு அந்தப் பக்கத்து ஊர், அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டக் கூட்டிவர வேண்டும் என்றார். முகவரியைச் சொல்லும்போதே குரல் தெரிந்துவிட்டது. அந்த அண்ணன்தான். என் குரல் அவருக்குத் தெரிந்திருக்காது. நம் வண்டி ஒன்று அப்போது திருக்கழுக்குன்றத்தில் சும்மா நின்றிருந்தது. ஒரு நிமிடம்கூடச் சேர்க்காமல் கணக்குப் போட்டேன்.

"சார், வண்டி அரை மணி நேரத்துல..."

"டைம்லாம் வேணாம்மா," என்றார். "வர்றப்போ வரட்டும். நாங்க வூட்லதான் இருப்போம்."

போனை வைத்துவிட்டார்.